விழுந்த இடமும் தள்ளிய கையும்

எஃப்எஸ்எக்ஸ் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் 2006 அக்டோபரில் வந்தது. அதோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பறந்த கதைக்கு முன்னால் பறக்க முடியாமல் போன கதைதான் வரும். என் நினைவிலும் அதுவே முன்னால் நிற்கிறது. கடல் கடந்து பல மணி நேரம் வந்த விமானம், ஓடுபாதை விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் நேரம் பார்த்து உறைந்துபோகும். திரை வெளிறும். மென்பொருள் இயங்குவது நின்றுவிட்டது என்று விண்டோஸ் ஒரு சின்னப் பெட்டியில் சொல்லும். அதற்குப் பிறகு தொடங்கும் வேலையைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன்: எது விழவைத்தது என்று தேடும் வேலை. உலகம் முழுக்க எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் அந்தத் தேடலில் கிடந்தார்கள். அதில் பெரும்பகுதி தவறான திசையில் போனது என்பதும், ஏன் அப்படிப் போனது என்பதும், அந்தக் காலத்தைத் தாண்டி வந்தபின் நன்றாகத் தெரிகிறது. விழுந்த இடத்தில் எந்தப் பெயர் கிடைத்ததோ அதைக் குற்றவாளி என்று நம்பினார்கள். ஒவ்வொரு கிராஷுக்கும் ஒரு மருந்தைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். சேர்க்கச் சேர்க்கக் காரணம் மறைந்துகொண்டே போனது. எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது அகப்பட்டது.

எஃப்எஸ்எக்ஸ் ஏன் அவ்வளவு விழுந்தது என்பதற்கு முதலில் அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். புரூஸ் ஆர்ட்விக்கின் கையில் உருவாகி 1982-ல் ஐபிஎம் பிசிக்கு வந்த முதல் பதிப்பிலிருந்து கால் நூற்றாண்டு வளர்ந்த மரபு அது. அந்த மரபின் பெரிய பலம் திறந்த கதவு. விமானம் ஒரு ஃபோல்டர்; அதன் குணங்கள் யாரும் திறந்து படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பில் இருக்கும். விமான நிலையம் இன்னொரு ஃபோல்டர். காக்பிட்டில் ஓடும் கருவிகளையும், வானிலையை மாற்றும் புரோகிராம்களையும், ஜாய்ஸ்டிக்கைக் கையாளும் துணை மாட்யூல்களையும் வெளியாட்கள் எழுதி உள்ளே வைக்கலாம். பிஎம்டிஜி போன்ற நிறுவனங்கள் அசல் விமானத்தின் மின்சார, ஹைட்ராலிக் அமைப்புகள் வரை உள்ளே கொண்டுவர முடிந்தது இந்தத் திறந்த கதவால்தான். ஆனால் வெளியிலிருந்து வந்த இந்த நிரல்களில் பல, டிஎல்எல் கோப்புகளாக, சிமுலேட்டரின் அதே மெமரிக்குள் உட்கார்ந்து ஓடின. அது ஒரு ஒண்டுக்குடித்தனம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை இருந்தாலும் சமையலறை ஒன்றுதான், ஒருவர் அடுப்பை அணைக்க மறந்தால் எல்லாருடைய வீடும் எரியும். ஒருவரை ஒருவர் பார்த்திராத பத்துப் பதினைந்து நிறுவனங்கள் எழுதிய நிரல், ஒரே மெமரியில், எந்தத் தடுப்பும் இல்லாமல். இதற்கு மேல், எஃப்எஸ்எக்ஸை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோவை மைக்ரோசாஃப்ட் 2009 ஜனவரியில் மூடிவிட்டது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த மென்பொருளில் இருந்த பிழைகள் பிழைகளாகவே நின்றன. திருத்த ஆள் இல்லை. ஆட்-ஆன்கள் என்று நாங்கள் சொல்லும் இந்த வெளிச் சேர்க்கைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

கிராஷ் ஆனதும் அனுபவப்பட்டவர்கள் சொல்லும் முதல் வாசகம், விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார் என்பது. நல்ல யோசனைதான். அங்கே எந்தப் புரோகிராம் விழுந்தது, எந்த மாட்யூலில் விழுந்தது, என்ன பிழை எண் என்று மூன்று விவரமும் இருக்கும். பிழை எண் பெரும்பாலும் சி0000005 என்று முடியும். தனக்கு உரிமையில்லாத மெமரி முகவரியை நிரல் தொட்டுவிட்டது என்பது அதன் பொருள். சிக்கல் மாட்யூலின் பெயரில்தான் தொடங்கும். சில நேரம் அது ஜி3டி.டிஎல்எல், சில நேரம் டெரெய்ன்.டிஎல்எல், மிகப் பல நேரம் என்டிடிஎல்எல்.டிஎல்எல். இந்தக் கடைசிப் பெயர் எத்தனை பேரை அலைக்கழித்தது என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. அது விண்டோஸின் அடித்தளக் கோப்பு. அதன் பெயரைப் பார்த்ததும் விண்டோஸே கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி, சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்த்து, பிறகு விண்டோஸையே அழித்து மறுபடி நிறுவி, அதன் மேல் எஃப்எஸ்எக்ஸை, அதன் மேல் ஒவ்வொரு ஆட்-ஆனையும் திரும்ப நிறுவி, வார இறுதிகளைத் தொலைத்தவர்கள் ஏராளம். பழைய ஆட்-ஆன்கள் திரும்ப வந்ததும் பழைய கிராஷும் திரும்ப வந்தது.

என்டிடிஎல்எல் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்த மர்மம் விலகிவிடும். புரோகிராம்கள் மெமரித் துண்டுகளைக் கேட்டு வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் அதன் வழியாகத்தான். எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்ற கணக்கை அது வைத்திருக்கிறது. ஒரு ஆட்-ஆன் தனக்குக் கொடுத்த எல்லையைத் தாண்டி ஓரிரு பைட் எழுதிவிட்டால், அந்தக் கணக்கின் ஒரு வரி அழிந்துபோகும். அப்போதே எதுவும் விழாது. ஐந்து நிமிடமோ ஒரு மணி நேரமோ கழித்து, முற்றிலும் வேறொரு பகுதி, தன் வேலையாக மெமரி கேட்கும்போது, என்டிடிஎல்எல் அந்தக் கெட்டுப்போன கணக்கைப் புரட்டும்; அங்கேயே விழும். அறிக்கையில் அதன் பெயர் பதியும். எல்லை மீறி எழுதிய நிரலின் பெயர் எங்கும் இருக்காது. அது அந்த நேரத்தில் ஓடிக்கொண்டுகூட இருந்திருக்காது. ஜி3டி, டெரெய்ன் போன்ற பெயர்களுக்கும் ஓரளவு இதுவே பொருந்தும்: காட்சியை வரையும் நிரலுக்கும் நிலத்தை விரிக்கும் நிரலுக்கும் யாரோ கொடுத்த கெட்ட தரவு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆக, அறிக்கை பொய் சொல்லவில்லை. பிணம் கிடந்த இடத்தை அது சரியாகச் சொன்னது. படித்தவர்கள்தான் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

மெமரி தீர்ந்துபோவது இன்னொரு வகை. எஃப்எஸ்எக்ஸ் காலத்தின் பெருந்துயரம் அதுதான். 32-பிட் புரோகிராம் ஒன்று, 64-பிட் விண்டோஸில் ஓடினாலும், 4 ஜிபிக்கு மேல் முகவரி வைத்துக்கொள்ள முடியாது. கணினியில் 16 ஜிபி ராம் இருந்தாலும் 32 ஜிபி இருந்தாலும் இந்த வரம்பு அசையாது. இதை அறியாமல் ராம் வாங்கிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் அதே செய்தியோடு விழுவதைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர். இதில் குற்றவாளி யார் என்று கேட்டால் பதில் இல்லை. நல்ல விமானம் ஒன்று தன் பங்குக்கு மெமரியை எடுக்கும். விரிவாக வரைந்த விமான நிலையம் தன் பங்குக்கு எடுக்கும். மேகப் படங்களை 1024-லிருந்து 4096-க்கு உயர்த்தினால் ஒரு படத்தின் அளவு பதினாறு மடங்காகும். சுருக்கப்படாத 32-பிட் படமாக இருந்தால் அப்படி ஒன்றே 64 மெகாபைட். நிலத்தை எவ்வளவு தூரம் நுணுக்கமாக வரைவது என்ற ஆரத்தை 4.5-லிருந்து 6.5-க்கு மாற்றுவது சின்ன மாற்றமாகத் தோன்றும். ஆனால் பரப்பு ஆரத்தின் வர்க்கமாக வளர்வதால், வரைய வேண்டிய நிலம் ஏறக்குறைய இரு மடங்கு. ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் எந்தக் குறையும் இல்லாதது. கூட்டுத்தொகைதான் வரம்பைத் தாண்டியது. அதுவும் எப்போது தாண்டும்? புறப்பட்ட ஊரின் காட்சிகள் முழுதும் விடுபடாமல் தேங்கியிருக்க, போய்ச் சேரும் பெருநகரத்தின் கட்டடங்கள் வந்து இறங்கும் நேரத்தில், அதாவது தரையிறங்கும்போது. கடைசி நிமிடத்தில் விழுந்ததற்கு அந்த விமான நிலையத்தைச் செய்தவர் வசை வாங்குவார். அவருடைய பங்கு கடைசி சில நூறு மெகாபைட் மட்டுமாக இருக்கும்.

இந்த இருட்டில் வளர்ந்ததுதான் ட்வீக் பண்பாடு. எஃப்எஸ்எக்ஸின் அமைப்புகள் எல்லாம் ஒரு எழுத்துக் கோப்பில் இருந்தன. நோட்பேடில் திறந்து வரிகளைச் சேர்க்கலாம், எண்களை மாற்றலாம். பஃபர்பூல்ஸ், அஃபினிட்டி மாஸ்க், டெக்ஸ்சர் பேண்ட்விட்த் என்று ஒரு தனிச் சொற்களஞ்சியமே உருவானது. ஒருவருடைய கணினியில் ஒரு வரி ஏதோ நன்மை செய்தது போலத் தோன்றினால், அது அடுத்தவருக்குப் போகும். அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் ஏழெட்டு வரிகளோடு இதையும் சேர்ப்பார். வீடியோ டிரைவரைப் பழையதாக மாற்றுவார், பேஜ் ஃபைலைக் கூட்டுவார், ஆன்டிவைரஸை நிறுத்துவார். எல்லாம் ஒரே மாலையில். அடுத்த சில நாட்கள் விழாமல் இருந்தால், கடைசியாகச் செய்தது எதுவோ அதற்குப் புகழ் போகும். மறுபடி விழுந்தால் இன்னொரு வரி சேரும். இந்தக் கோப்புகள் காலப்போக்கில் எப்படி ஆகிவிட்டன என்றால், எந்த வரி எதற்காக வந்தது, எது எதை ரத்துசெய்கிறது, எது புதுக் கிராஷுக்கே காரணம் என்று உரிமையாளருக்கே தெரியாது. காரணம் தெரியாமல் கொடுத்த மருந்து குணப்படுத்தினாலும் ஆபத்து உண்டு என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோய் இருக்கும் இடத்தை அது மூடிவிடுகிறது.

இது வீட்டு விளையாட்டுக்கு மட்டும் உள்ள ஆபத்து அல்ல. உண்மையான விமானங்களின் வரலாற்றில் இதே தவறு உயிர்களைக் குடித்திருக்கிறது. 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட காமெட் ஜெட் விமானம் எல்பா தீவுக்கு அருகே வானத்திலேயே சிதறிக் கடலில் விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். காமெட்கள் தரையில் நிறுத்தப்பட்டன. காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை, தீயாக இருக்கலாம் என்ற ஊகம் வலுவாக இருந்தது. எது எதுவெல்லாம் காரணமாக இருக்கக்கூடுமோ அதற்கெல்லாம் ஒரு மாற்றம் என்று ஏராளமான திருத்தங்களைச் செய்து, மார்ச் 23-ல் மறுபடி பறக்க விட்டார்கள். ஏப்ரல் 8-ல் இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உயரத்துக்கு ஏறி இறங்குவதற்கு நிகரான அழுத்தத்தையும் இறக்கைகள் தாங்கும் சுமையையும் மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு எதுவும் இல்லை: எஞ்சின் இல்லை, வானிலை இல்லை, எரிபொருள் இல்லை. சில வாரங்களில் உடல் பிளந்தது. உலோகச் சோர்வு என்ற காரணம் வெளியே வந்தது. ஒரே நேரத்தில் செய்த அத்தனை திருத்தங்களாலும் தொட முடியாததை, மற்ற எல்லாவற்றையும் விலக்கிவிட்டுச் சுமையை மட்டும் வைத்துப் பார்த்த சோதனை காட்டியது. வீட்டில் ஒரு சிமுலேட்டர் விழுவதற்கும் இதற்கும் விளைவில் ஒப்பே இல்லை. காரணம் தேடும் முறையில் இரண்டும் ஒன்றுதான்.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்பு: ட்வீக்குகளில் சில உண்மையிலேயே வேலை செய்தனவே? செய்தன. விண்டோஸ் 7-ல் எஃப்எஸ்எக்ஸின் மெனுக்களைத் திரும்பத் திரும்பத் திறந்தால் அது விழும்; யுஐஆட்டோமேஷன்கோர் என்ற டிஎல்எல்லின் பழைய பதிப்பை எஃப்எஸ்எக்ஸ் ஃபோல்டரில் வைத்தால் அந்த விழுகை நின்றது. ஹைமெம்ஃபிக்ஸ் என்று ஒரு வரியைச் சேர்த்தால், நீண்ட நேரம் பறந்தபின் விமானத்தின் பாகங்களும் கட்டடங்களும் திரையிலிருந்து மறைந்துபோவது நின்றது. இந்த இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் இவை மற்ற நூறு வரிகளிலிருந்து எதனால் வேறுபடுகின்றன என்று பாருங்கள். முதலாவதில் அறிகுறி துல்லியமானது: மெனுவைத் திறப்பது, திரும்பத் திறப்பது, விழுவது. ஆட்-ஆன் எதுவும் இல்லாத வெறும் எஃப்எஸ்எக்ஸிலும் அதை யாரும் செய்து பார்க்கலாம். கோப்பை வைத்தால் நிற்கும். எடுத்தால் திரும்ப வரும். இரண்டாவதும் அப்படியே: வரி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று. எடுத்துப் பார்த்தால் நோய் திரும்ப வர வேண்டும் என்ற சோதனையில் தேறிய மருந்துகள் இவை. யாரோ ஒருவர் பொறுமையாக மற்றதையெல்லாம் விலக்கியதால்தான் இவை கிடைத்தன. பஃபர்பூல்ஸில் என்ன எண் போடுவது என்பதற்கு ஆளுக்கொரு எண் சொன்னார்கள்; அதிலேயே தெரிகிறது அது எந்த வகை என்று.

விலக்கிப் பார்ப்பது என்றால் நடைமுறையில் என்ன? முதலில் அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிவைப்பது. அடுத்த முறை திறக்கும்போது எஃப்எஸ்எக்ஸ் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். அந்த ஒரே செயலில் அத்தனை ட்வீக்குகளும் கழன்றுவிடும், அழியாமலும் இருக்கும். அடுத்து, எந்தெந்த வெளி மாட்யூல்களைத் திறக்க வேண்டும் என்று பட்டியல் வைத்திருக்கும் டிஎல்எல்.எக்ஸ்எம்எல் கோப்பையும் இப்படியே ஓரம் வைப்பது. கிராஷ் நின்றால் அது அந்தப் பட்டியலில் இருக்கிறது; நிற்காவிட்டால் அந்தப் பட்டியல் முழுவதும் ஒரே அடியில் குற்றமற்றதாகிவிடுகிறது. மிச்சத்தைப் பாதி பாதியாகப் பிரிப்பது. 64 சீனரிகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்க 64 சோதனை வேண்டும். பாதியை எடுத்துவிட்டுப் பார்த்தால், பிறகு அதில் பாதி, பிறகு அதில் பாதி என்று ஆறு சோதனையில் ஒன்றுக்கு வந்துவிடலாம். பிழை இரண்டு ஆட்-ஆன்களின் கூட்டில் இருந்தால் இந்தக் கணக்கு தடுமாறும் என்பது உண்மை. ஒரே விமான நிலையத்துக்கு இரண்டு கோப்புகள் கிடப்பது அப்படிப்பட்ட கேஸ். ஒன்று ஓடுபாதையை ஓர் உயரத்தில் வைக்கும், இன்னொன்று வேறு உயரத்தில், விமானம் பள்ளத்தில் புதைந்து நிற்கும் அல்லது மேட்டிலிருந்து உருளும். எந்தப் பாதியிலும் பிழை தெரியாவிட்டால், அந்தத் தடுமாற்றமே ஒரு செய்தி: இது தனி ஆளின் வேலை இல்லை, கூட்டு வேலை. அப்போது ஒரு பாதியை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற பாதியிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ஒரு பொறியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் பழைய மென்பொருள் எழுத முயன்றால், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறிடத்துக்குத் திருப்பிவிடும். ஒரு கோப்பை மாற்றிவிட்டோம் என்று நினைத்திருப்போம். சிமுலேட்டர் படிப்பது வேறொரு நகலாக இருக்கும். எஃப்எஸ்எக்ஸை அந்த ஃபோல்டருக்கு வெளியே நிறுவச் சொன்ன பழைய அறிவுரை காரணம் தெரிந்து சொன்ன அறிவுரை.

எல்லாக் கிராஷும் கூப்பிட்டதும் வருவதில்லையே, ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை வருவதைப் பாதி பாதியாகப் பிரித்து எப்படிச் சோதிப்பது என்று கேட்பார்கள். இது மேலே சொன்ன மறுப்பைவிடக் கடினமானது. என் பதில், அப்படிப்பட்ட கிராஷை முதலில் சுருக்க வேண்டும் என்பது. பறப்பை இடையிடையே சேமித்து வைத்தால், விழுவதற்கு இருபது நிமிடம் முன்பிருந்து தொடங்கலாம். அங்கிருந்து தொடங்கியும் விழுந்தால் சோதனைக்களம் கைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து தொடங்கினால் விழவில்லை, முழுதும் பறந்தால்தான் விழுகிறது என்றால் அதுவும் ஒரு விடை: ஏதோ ஒன்று நேரம் போகப் போகச் சேர்கிறது. அப்போது யூகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். புரோசஸ் எக்ஸ்புளோரர் போன்ற இலவசக் கருவியில் சிமுலேட்டர் பிடித்திருக்கும் முகவரி இடத்தை அவ்வப்போது குறித்து வந்தால், அது 4 ஜிபியை நோக்கி ஏறுகிறதா என்பது கண்ணெதிரே தெரியும். ஏறவில்லை, இடமும் நேரமும் ஒழுங்கில்லாமல் விழுகிறது என்றால், சந்தேகத்தை வன்பொருளின் பக்கம் திருப்பலாம். பிராசசரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லாரும் செய்தது. எஃப்எஸ்எக்ஸ் ஒற்றை கோரின் வேகத்தையே பெரிதும் நம்பியிருந்தது. மற்ற விளையாட்டெல்லாம் ஓடுகிறது, இது மட்டும்தான் விழுகிறது, ஆகவே வன்பொருளில் குற்றமில்லை என்பார்கள். ஒரு கோரை மணிக்கணக்கில் முழு வேகத்தில் வைத்திருக்கும் புரோகிராம்தான் அந்தக் குறையை முதலில் வெளிக்காட்டும். இயல்பு வேகத்துக்குத் திருப்பிவிட்டுப் பார்ப்பதும் ஒரு விலக்கல்தான். அதற்குக் காசும் செலவில்லை.

பணம் கொடுத்து வாங்கியவன் ஏன் துப்பறிய வேண்டும், விற்றவர் அல்லவா சோதித்திருக்க வேண்டும் என்ற கோபம் இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது. அந்தக் கோபத்தில் பாதியை நான் பகிர்ந்துகொள்கிறேன். எந்த நிறுவனமும் எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க முடியாது. வெறும் இருபது ஆட்-ஆன்களை வைத்தே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. ஆகவே வாங்குபவரின் மேசையில் நடக்கும் சோதனையைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் அந்தச் சோதனைக்கு வேண்டிய தடயங்களைக் கொடுப்பது எழுதியவரின் கடமை. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் இதில் வெகுகாலம் முன்னேயே நல்ல வழி காட்டியது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் அது லாக் கோப்பு ஒன்றை எழுதுகிறது. எந்தெந்த பிளகின் எந்த வரிசையில் திறந்தது என்று அதில் இருக்கும். ஒரு பிளகினின் நிரலுக்குள் இருக்கும்போது விழுந்தால், இந்த பிளகினால் விழுந்தது என்று பெயர் சொல்லியே கடைசியில் எழுதும். என்டிடிஎல்எல் பற்றி மேலே சொன்ன காரணத்தால் அதையும் இறுதித் தீர்ப்பாக எடுக்கக்கூடாது. என்றாலும் தேடலைத் தொடங்க அது எவ்வளவோ மேல். எஃப்எஸ்எக்ஸில் அப்படி ஒரு லாக் இருந்திருந்தால் எத்தனை விண்டோஸ் மறுநிறுவல்கள் மிச்சமாகியிருக்கும்! கோபத்தின் மற்றப் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. கிராஷ் ஆனதும் கடைசியாக வாங்கியதன் நிறுவனத்தைத் திட்டுவது காரணம் தேடும் வேலையைக் கெடுக்கிறது. விமான விபத்து விசாரணைக்கான சர்வதேச நெறிகளை வகுக்கும் சிகாகோ ஒப்பந்தத்தின் 13-ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழியைப் பங்கிடுவது அல்ல என்கிறது. விமானத்தை நேசித்து இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் இந்த ஒழுக்கத்தையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பழி சொல்லத் தகுந்த ஒன்று உண்டு: ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவுங்கள் என்று சில ஆட்-ஆன் நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்டுக்கொண்டது. 2018-ல் ஒரு விமான ஆட்-ஆனின் நிறுவல் கோப்புக்குள் கடவுச்சொற்களை எடுக்கும் கருவி ஒன்று கிடந்தது வெளியே வந்தது. திருட்டு நகலைப் பிடிக்க வைத்தது என்று விளக்கம் தரப்பட்டது. சோதனைக்காகக் காவலை விலக்கினால், சோதனை முடிந்ததும் காவல் திரும்ப வந்தாக வேண்டும்.

பிறகு சூழல் மாறியது. லாக்ஹீட் மார்ட்டினின் பிரிபேர்3டி என்ற சிமுலேட்டர், 2017 மே மாதம் வந்த 4-ஆம் பதிப்பில் 64-பிட்டுக்கு மாறியதும் 4 ஜிபிச் சுவர் போனது. எக்ஸ்-பிளேன் அதற்கு முன்பே அந்தச் சுவரைத் தாண்டியிருந்தது. 2020 ஆகஸ்ட் 18-ல் அசோபோ ஸ்டுடியோ உருவாக்கிய புதிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. அதில் விமானங்களின் நிரல் தனித் தடுப்புக்குள் ஓடுகிறது. ஒருவர் இன்னொருவரின் மெமரிக்குள் எழுத முடியாது. வெளியிலிருந்து வரும் ஆட்-ஆன்களுக்கு கம்யூனிட்டி என்று ஒரே ஃபோல்டர். அதன் பெயரை மாற்றினால் போதும், வெறும் சிமுலேட்டர் கிடைத்துவிடும். ஒரு கிராஷுக்குப் பிறகு திறந்தால், ஆட்-ஆன்கள் இல்லாத பாதுகாப்பு முறையில் தொடங்கவா என்று அதுவே கேட்கும் வசதியும் பின்னால் வந்தது. விலக்கிப் பார்க்கும் முறையை மென்பொருளுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இதைக் காட்டி, கதவை இன்னும் இறுக்கமாக மூடிவிட்டால் கிராஷே இராது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். 2009-ல் கைவிடப்பட்ட எஃப்எஸ்எக்ஸ் அதற்குப் பின் பத்தாண்டுகள் உயிரோடு இருந்ததும், 2014-ல் ஸ்டீமில் மறுபடி விற்பனைக்கு வந்ததும் ஆட்-ஆன்களால்தான் என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துவேன். கதவு திறந்திருக்கட்டும், யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவு வாசலில் இருக்கட்டும்.

இப்போது எனக்குக் கவலை தருவது வேறு. பழைய எஃப்எஸ்எக்ஸில், நேற்றிரவு இருந்த கணினியும் இன்று காலை இருக்கும் கணினியும் ஒன்றுதான்; நான் தொடாத வரை எதுவும் மாறாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற முறையே அந்த உறுதியின் மேல்தான் நிற்கிறது. புதிய சிமுலேட்டரில் நிலத்தின் படங்கள் இணையத்தின் வழியே வந்துகொண்டே இருக்கின்றன. 2024 நவம்பர் 19-ல் வந்த அடுத்த பதிப்பில் விமானங்களும் விமான நிலையங்களும்கூடப் பெருமளவு அப்படித்தான் வருகின்றன. வெளியான நாளில் சர்வர்கள் திணறியதால் பலருக்கு உள்ளேயே போக முடியவில்லை. கட்டாய அப்டேட் ஒன்று வந்துவிட்டால், நேற்று வரை ஓடிய பதிப்புக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஒரு ஆட்-ஆன் விழுந்தால், அது மாறியதா, அதன் அடியில் இருந்தது மாறியதா, சர்வரில் ஏதாவது மாறியதா என்று பிரித்தறிய, மாறாத ஒரு நிலை கையில் வேண்டும். அதுதான் கையில் இல்லை. கம்யூனிட்டி ஃபோல்டரைக் காலியாக்கியும் கிராஷ் நிற்காதபோது, வீட்டில் இருப்பவரால் அதற்கு மேல் எதையும் விலக்க முடியாமல் போகிறது. இதைத் தீர்ப்பது பெரிய காரியமும் இல்லை: முந்தைய பதிப்பை ஒரு சில மாதங்களுக்காவது தேர்ந்தெடுத்து ஓட்டும் வசதியும், சர்வர் பக்கம் என்ன எந்தத் தேதியில் மாறியது என்ற பட்டியலும் போதும். முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு இந்த இரண்டையும் மறுக்க எந்த நியாயமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.